எனக்கு விழுந்த ஒரு ஓட்டு

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. பழவேற்காட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் குணசுந்தரியிடம் நான் கத்திய கத்தலுக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

எண்பத்தேழில் இருவரும் பொன்னேரியில் காலேஜ் கடைசி வருடம். நான் சரித்திரம், அவள் வேதியியல். பழவேற்காடு பஸ்ஸில் வருகிற நாங்கள் நூறு பேர் ஒன்றாக நின்றால் மாணவர் தலைவர் பதவி எங்களுக்குத்தான். யாரை நிறுத்துவது என்பதிலும் தகராறு கிடையாது. ஏரியில் நல்ல மீன் விழுகிற இடங்களில் இன்றைக்கு யார் வலை போடுவது என்று எங்கள் குப்பங்களில் முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். முறை இல்லாதவன் அன்றைக்கு அங்கே வலையை நனைக்க மாட்டான், செத்தாலும் மாட்டான். எலெக்‌ஷனுக்கும் அதையே வைத்துக்கொண்டோம். போன வருடம் பழவேற்காடு டவுன் முறை, கௌஸ் மைதீன் நின்று ஜெயித்தான். இந்த வருடம் எங்கள் குப்பத்து முறை. டச்சுக்காரர் கல்லறை வாசலில் கூடி என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். நைனா புதுச் சட்டையே தைத்துக் கொடுத்தார்.

நோட்டீஸ் போர்டில் பார்த்தால் மூன்று பெயர்கள். பொன்னேரி ஆதிகேசவன், நான், மூன்றாவதாகக் குணசுந்தரி! அவளும் எங்கள் பஸ்தான். அவள் வீட்டார் பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர்கள். எங்கள் முறையில் அவர்களுக்கு இடமே கிடையாது.

சாயங்காலம் மூச்சிரைக்க ஓடிவந்து பஸ்ஸில் ஏறப்போனவளை மறித்துக்கொண்டேன்.

"இன்னா குணா, ஓட்டைப் பிரிச்சு ஆதிகேசவன் கையில குடுக்கப் போறியா? உனக்கேது முறை?"

"இல்லதான். கேட்டா மட்டும் குடுத்திருப்பீங்களா?"

"அப்புறம் இன்னாத்துக்கு நின்ன? செவுத்துல உன் பேரைப் பாக்கவா?"

அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "லேப் அஞ்சு மணிக்குத்தான் உடறாங்க. பஸ்ஸு நாலரைக்கு. இதை உட்டா ஏழரைக்குத்தான். அந்த இருட்டுல எங்க ஊருக்குப் படகு ஏது? பாதியிலயே எழுந்து ஓடியாறேன். அட்டெண்டன்ஸ் பத்தலைனு பரீட்சை எழுத உடமாட்டாங்களாம்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் பேசமாட்டேனா?"

"போன வருசம் கௌஸ் கிட்ட சொன்னேன். பாக்கலாம்னான். டைம்டேபிள் போடற மீட்டிங்குல தலைவர் மட்டும்தான் உக்காரலாம். இந்த வாட்டி நானே உக்காந்தாவணும் தசரதா."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருடமாக அவள் கடைசி ஆளாக ஓடிவருவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொள்ளவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

மறுநாள் மனுவை வாபஸ் வாங்கப் போனேன். கெடு முடிந்துவிட்டது என்றார்கள். வந்ததே கோபம்! பஸ் படியில் ஏறி நின்று கத்தினேன். "எவனாவது என் பேருல குத்தினான், தொலைச்சுருவேன்! எல்லா ஓட்டும் குணாவுக்கு!" தனக்கு ஓட்டுப் போடாதே என்று மிரட்டின வேட்பாளர் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அவள் ஓட்டுக் கேட்டுச் சுற்றினதைச் சொல்ல வேண்டும். ஆதிகேசவன் கேன்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். இவள் வகுப்பு வகுப்பாகப் போய், அனுப்பம்பட்டுக்கு ரயில் பிடிக்கிற பெண்களிடம், "உங்களுக்கும்தானே லேட் ஆவுது?" என்று கேட்டாள். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. நானாக இருந்தால் நாலு பேரோடு கைகலப்பே ஆகியிருக்கும். அப்பா, என்ன பொறுமை!

ஓட்டு எண்ணி முடித்துப் பிரின்சிபால் படித்தார். ஆதிகேசவன் இருநூற்று ஏழு. குணசுந்தரி இருநூற்று எட்டு. நாங்கள் போட்ட கூச்சலில் அடுத்தது சரியாகக் கேட்கவில்லை. அவர் திரும்பப் படித்தார். தசரதன் ஒன்று.

பஸ்ஸில் ஏறினதும் கௌஸ் மைதீன் என் சட்டையைப் பிடித்தான். "வெளிய வீரம் பேசிட்டு உள்ள போய் உன் பேருலயே குத்திக்கினியா? நூலிழையில தப்பிச்சிருக்குடா!"

"நைனா மேல சத்தியமா நான் இல்லடா!" கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது எனக்கு. ஒருத்தனும் நம்பவில்லை.

"அவனை உடுங்க. அது என் ஓட்டு" என்றாள் குணசுந்தரி.

கௌஸ் என் சட்டையை விட்டான்.

"உனக்கு இன்னா பைத்தியமா?" என்றேன். "தோத்திருந்தா?"

"பரீட்சை போயிருக்கும்." "எனக்கு வேற வழியில்ல, நின்னேன். அதுக்காக முறை உன்னுது இல்லைன்னு ஆயிடுமா? என் ஒரு ஓட்டாவது முறைப்படி உழட்டும்னு போட்டேன். எங்களுக்கு நீங்க முறை குடுத்ததில்ல. அதனால முறைன்னா இன்னான்னே எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அடுத்த மாதம் முதல் லேப் நாலு மணிக்கே விட்டது. விட்டுப்போன வகுப்புகளைச் சனிக்கிழமைகளில் முடித்து அவள் பரீட்சையும் எழுதினாள். அன்றைக்குப் பஸ்ஸில் அவள் அப்படிக் கேட்டும், எங்கள் குப்பத்து முறையில் அவள் வீட்டாருக்கு மட்டும் இன்னும் இடம் கொடுக்கவில்லை.