ஆம்பளைக் குழம்பு

பொன்னழகுக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியாது. இதை அவன் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டான். நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். திண்டுக்கல் நத்தம் ரோட்டில் கிரில் பட்டறை வைத்திருப்பவன். வாசல் கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று இரும்பையே வளைக்கிற கை. அந்தக் கைக்கு ஒரு தோசையைத் திருப்பிப் போட வராது என்று மனைவி சுகன்யா பதினாலு வருடமாக நம்பிக்கொண்டிருப்பதாக அவன் நினைப்பு.

நம்பாமல் என்ன செய்வாள், பாவம்? கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவளுக்குக் கடுங்காய்ச்சல். கஞ்சி வைக்கிறேன் என்று போனவன் குண்டானைக் கரிக்கட்டையாக்கிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். இனிமேல் அடுப்படிப் பக்கமே வராதீங்க சாமி என்று அவளே கும்பிட்டுவிட்டாள். எமகாதகன்! வேண்டுமென்றே கருக்கினான் என்பது அவனுக்கும் கருப்புசாமிக்கும் மட்டும்தான் தெரியும்.

புளியந்தோப்புக் கருப்பு அவர்கள் குலசாமி. தை மாதம் நத்தத்துக்கு அந்தப் பக்கம் தோப்புக்குள் கிடாவெட்டு நடக்கும். ஆண்கள்தான் போக வேண்டும், ஆண்கள்தான் ஆக்க வேண்டும், ஆண்கள்தான் தின்ன வேண்டும். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. குழி தோண்டிப் புதைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அங்கே நாற்பது கிடாய்க்குத் தலைமைச் சமையல் யார் என்கிறீர்கள்? சாட்சாத் நம்ம பொன்னழகுதான்! அவன் கையால் மசாலா வறுத்தால்தான் கூட்டம் பந்தியில் உட்காரும். வீட்டில் கேட்டால், "நான் வெறகு தூக்கிப் போடுறவன்தேன்" என்பான். குழம்பும் தோப்பைத் தாண்டாது, சேதியும் தாண்டாது. இப்படி ஒரு வசதி எவனுக்கு வாய்க்கும்?

இந்த மாசியில்தான் வம்பு வந்தது. சுகன்யாவுக்கு ஊருக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஆசை ஆசையாகப் படித்த லேப் டெக்னீசியன் படிப்புக்கான வேலை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறு மணிக்கே வந்து நிற்பார்கள். ஐந்தரைக்கெல்லாம் அவள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

"அப்ப காலையில புள்ளைக்கு யாரு சோறாக்குறது?" என்றான் பொன்னழகு. "அடுப்படின்னா பொம்பள, பட்டறைன்னா ஆம்பள. இதென்ன நானா எழுதி வச்சேன்?"

சுகன்யா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். சான்றிதழை எடுத்துத் தூசி துடைத்தாள், செத்த நேரம் பார்த்தாள், மறுபடி பீரோவில் வைத்தாள். "திங்கக்கிழம காலையில போன் போட்டு வரலைன்னு சொல்லிர்றேன்" என்றாள்.

பொன்னழகு பீரோவையே பார்த்தான். எனக்குச் சமைக்கத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் பதினாலு வருடப் புளுகை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சித்தப்பா மகன் ஒச்சப்பன் சாப்பிட வந்தான். தோப்பில் வெங்காயம் உரிப்பதோடு அவன் உத்தியோகம் முடிந்தது. சுகன்யா வைத்த கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தான்.

"நல்லாத்தேன் இருக்கு மதினி. ஆனா கோயில் குழம்பு மாதிரி வருமா? இந்த வருசம் நாந்தேன் வச்சேன்."

பொன்னழகின் வாயில் கவளம் அப்படியே நின்றது.

"நீங்களா தம்பி? எப்படி வச்சீங்க?" என்றாள் சுகன்யா.

"அதென்ன பிரமாதம்? மல்லி, மொளகா, சீரகம் அம்புட்டையும் ஒண்ணா அள்ளிப் போட்டு வறுத்து, கறியைக் கொட்டி, ஒரு கொடம் தண்ணிய ஊத்தி..."

"ஏலே!" பொன்னழகு இலையை விட்டு எழுந்தேவிட்டான். "ஒண்ணா வறுத்தா சீரகம் கருகிப் போகும்டா! மல்லியத் தனியா, எளஞ்சூட்டுல வறுக்கணும். கல்பாசி வாசம் தூக்குன பெறகுதேன் சின்ன வெங்காயம். கறி விடுற தண்ணி வத்துற மட்டும் ஒரு சொட்டு ஊத்தப்படாது. வெங்காயம் உரிக்கிற பயலுக்கு இம்புட்டு வாயா? பதினாலு வருசமா அந்த அண்டா முன்னால நின்னு வேகுறவன் நானு!"

சொல்லி முடித்த பிறகுதான் சுகன்யா தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தான்.

ஒச்சப்பன் அவசரமாகக் கை கழுவினான். "நீங்க சொல்லச் சொன்னதச் சொல்லிட்டேன் மதினி. நான் வாரேன்" என்று செருப்பைத் தேடினான்.

"வருசாவருசம் உங்க சட்டையத் தொவைக்கிறவ நானு" என்றாள் சுகன்யா. "வெறகு தூக்குனவன் சட்டையில கல்பாசி வாசம் எப்படி வரும்? இருக்காது, எம்புருசன் அப்படிச் செய்ய மாட்டாருன்னு நானே என்னையச் சமாதானம் பண்ணிக்கிட்டேன். யாரு சோறாக்குறதுன்னு கேட்டீங்களே, அப்பதேன் சோதிச்சுப் பாக்கத் தோணுச்சு." ஏதோ நினைப்பு வந்தவளாக நிறுத்தினாள். "அன்னிக்கிக் காய்ச்சல்ல கெடந்தேனே. அந்தக் கஞ்சி?"

பொன்னழகு தலைகுனிந்தான்.

"அதுவுமா?" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. நாற்பது கிடாயை ஆக்கி இறக்கிய சூரன் அந்த ஒற்றைக் கேள்வியில் வெட்கிக் குறுகிப்போனான்.

திங்கட்கிழமை காலை நாலரைக்கே அடுப்படியில் விளக்கு எரிந்தது. சுகன்யா குளித்துச் சேலை கட்டி வந்தபோது மகளின் டிபன் டப்பா மூடித் தயாராக இருந்தது. பக்கத்தில் ஒரு குண்டான் கஞ்சி, கொள்ளுத் துவையல். பொன்னழகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, பரீட்சை எழுதிய பயலாட்டம் ஓரமாக நின்றான்.

ஒரு வாய் குடித்தாள். "உப்பு கம்மி" என்றாள்.

"கம்மியா? இருக்கவே இருக்காது!" என்று பதறினான்.

அவள் உட்கார்ந்து, நிதானமாக, குண்டானைச் சாய்த்து வழித்துக் குடித்துவிட்டு ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பிப் போனாள். அவன் குண்டானை எட்டிப் பார்த்தான். குழி தோண்டிப் புதைக்க ஒரு பருக்கை மிஞ்சவில்லை.