மூக்கின் மேல் ஒரு தடம்

கரும்பு வெட்டு தொடங்க ஒரு மாதம் இருந்தது. அதற்குள் வீரமுத்து ராத்திரிக்கு நாலு மணி நேரமாவது மூச்சு மெஷினை மாட்டிக்கொண்டு தூங்கப் பழக வேண்டும். பழகாவிட்டால் டிராக்டர் சாவி கிடையாது. இரவலாகக் கொடுத்த மெஷினும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடும். சாவி மனைவி கமலாவின் முந்தானை முடிச்சில் இருந்தது.

போன வருஷம் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு ஏற்றிப் போனவர், பட்டப்பகலில் ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்து வண்டியை வாய்க்காலில் இறக்கினார். தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை அவருக்கு மூச்சு நிற்கிறது என்று அப்புறம்தான் சோதனையில் தெரிந்தது. கமலாவுக்குச் சோதனை வேண்டியிருக்கவில்லை. குறட்டை சட்டென்று நின்றால் அவள் கை தானாகப் போய் அவர் நெஞ்சை உலுக்கும். பத்து வருஷமாக அவள் தூங்கிய தூக்கம் அதுதான்.

குழாய் வழியே மூக்குக்குள் காற்றை ஊதும் அந்த மெஷின் வந்தது. முகமூடியின் பட்டையை இறுக்கியதுமே, களத்துல போரடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடு கட்டினாப்ல இருக்குது என்றார். அரை மணியில் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தூங்கினார். எழுப்பி மாட்டினால் எரிந்து விழுந்தார். எத்தனை மணி நேரம் ஓடியது என்று உள்ளே ஒரு கார்டில் பதிவாகும் என ஆஸ்பத்திரியில் மெஷின் பார்க்கும் பெண் மலர்விழி சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள் ராத்திரி அவர் தூங்கியதும் கமலா அந்த முகமூடியை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள்.

முதலில் மூச்சு முட்டியது. தினமும் மாட்ட மாட்டப் பழகியது. பழகியதுதான் அவளை உறுத்தியது. தன் மூச்சு தடையில்லாமல் போய் வர, பக்கத்தில் அவர் மூச்சு நின்று நின்று வந்தது. அவருக்கென்று வந்த காற்றைத் தான் குடிப்பது போலிருந்தது. ஆனால் கழற்றவும் பயம். மெஷின் போய்விட்டால்?

இருபதாம் நாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்றாம் நாளிலிருந்து தினம் ஆறு மணி நேரம் என்று கம்ப்யூட்டர் காட்டியது. மலர்விழி பாராட்ட வாயெடுத்தவள், நாற்காலியிலேயே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த வீரமுத்துவைப் பார்த்தாள். அவர் மூக்கின் மேல் ஒரு கோடுகூட இல்லை. கமலாவின் மூக்குத்திக்கு மேலே சிவப்பாக ஒரு தடம் பதிந்திருந்தது.

"அக்கா, இத யாரு போட்டுக்கினாங்க?"

கமலா தலையைக் குனிந்துகொண்டாள். "மெஷினத் திருப்பி வாங்கிக்குவீங்கன்னு பயந்துட்டேம்மா."

மலர்விழி கோபப்படவில்லை. நேரம் கார்டில் ஏறும், ஆனால் காற்று அவர் தொண்டைக்குப் போகாதே என்றாள். வீரமுத்து சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஏண்டி, உனக்கு மூச்சு முட்டலியா?"

"முட்டாம? மொத ரெண்டு நாளு செத்தாப்லதான் இருந்துச்சு. அந்தக் காத்தோட மல்லுக்கு நிக்கக் கூடாதுங்க. வாய மூடிக்கினு மெதுவா மூச்ச வுட்டா, அதுவும் நம்மகூடவே வரும்."

இதை நான் இவ்வளவு நல்லா சொல்லித் தரலையே என்றாள் மலர்விழி. அவர் முகத்துக்குத் தோதாக வேறு முகமூடி ஒன்று எடுத்துத் தந்து, மெஷினைத் திருப்பித் தரும் கெடுவை இன்னும் பத்து நாள் நீட்டினாள். ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், பகலில் விழித்திருக்கும்போதே பழகட்டும். பட்டை பிடிக்காவிட்டால் முதலில் கையால் பிடித்துக்கொண்டால் போதும் என்றாள்.

மறுநாள் மத்தியானம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வீரமுத்து சுவரோரம் தலையணையில் சாய்ந்திருந்தார். கமலா பக்கத்தில் உட்கார்ந்து முகமூடியை அவர் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். வேண்டாமென்றால் என் கையைத் தட்டி விடுங்க என்று சொல்லியிருந்தாள். ரெண்டு தடவை தட்டினார். மூன்றாம் தடவை தட்டவில்லை. கண் செருகியது. குறட்டை வரவில்லை. கமலாவின் இன்னொரு கை வழக்கம்போல நெஞ்சை உலுக்கப் போயிற்று. நெஞ்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

முக்கால் மணி போனது. தோள்பட்டை மரத்துவிட்டது. கை மாற்றினால் விழித்துக்கொள்வாரோ என்று அப்படியே இருந்தாள். முகமூடி லேசாக நழுவியபோது அவர் பாதிக் கண்ணைத் திறந்தார். அவளையும் அவள் கையையும் பார்த்தார்.

"அந்தப் பட்டைய மாட்டிவுடு," என்றார். "கை வலிக்கும்ல உனக்கு."