தகரத்துக்கு அந்தப் பக்கம்

மாடியில் தடுப்பாகத் தகரத்தை அடித்தது அண்ணியா நாத்தனாரா என்பதில் எதிர்வீட்டிலிருக்கும் எனக்கு இன்றும் நிச்சயமில்லை. இருவரும் மற்றவளைத்தான் சொல்வார்கள். அந்தத் தகரம் இரண்டு வருஷம் நின்றதா மூன்று வருஷமா என்பதையும் மறந்துவிட்டேன். சண்டைக்குக் காரணமான வார்த்தை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள். கூட வேலை செய்பவர்களுக்கு அவள் 'மடிப்பக்கா'. தொண்டைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு அவள் கணவனுக்கு நாக்கில் ருசியே போயிற்று. எதை வைத்தாலும் தட்டைத் தள்ளினான். அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்த அவன் தங்கை சொன்னாள்: "உன் சமையலைத் தின்னுதான் அண்ணனுக்கு நாக்கு செத்துப்போச்சு."

அன்றைக்கே இரண்டு வீட்டுக்கும் பொதுவான மொட்டை மாடியின் நடுவில் தகரம் எழுந்தது. பேச்சும் நின்றது.

மடிப்பக்கா தன் பக்கத்துத் தொட்டிகளில் நீளப் பச்சை மிளகாய் போட்டிருந்தாள். அந்த வருஷம் தகரத்தை ஒட்டி நின்ற செடிதான் வாளிப்பாக இருந்தது. அதன் பழத்திலிருந்தே விதை எடுத்து வைத்தாள். மறு வருஷம் ஊன்றிய ஒன்பதில் எட்டு நீளமாகக் காய்த்தன. ஒன்று மட்டும் குட்டையாய், தோள் அகன்று, ஊதா படிந்து, கனத்த சதையோடு காய்த்தது. பழுத்தால் சிவப்பு.

அதில் ஒன்றை நசுக்கிக் கஞ்சியில் போட்டாள். அவன் ஒரு வாய் வைத்தான். கண்ணில் நீர் வந்தது.

"என்னவோ தெரியுது," என்றான். கிண்ணம் காலியானது.

இரண்டு மாதம் சாப்பிட்டான். பிறகு செடியின் இலை சுருண்டு, காய்ப்பு நின்றது. மிச்சமிருந்த ஐந்து காய்களைத் தாளில் சுற்றிக்கொண்டு, வேலைக்கு அரைநாள் லீவு சொல்லி, விதைப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள்.

அங்கிருந்த அதிகாரி ஒன்றை அறுத்தார். நுனியை நாக்கில் வைத்து இருமினார்.

"இதுக்குப் பேரு கிடையாதும்மா. கலப்பு. உங்க மிளகாயும் ஊதாக் குடமிளகாயும் சேர்ந்தது. பக்கத்துல யாராவது போட்டிருக்காங்களா?"

"தகரம் அடிச்சிருக்கோம், சார்."

"தேனீக்கு அது தெரியுமா?"

"இந்த விதையைப் போட்டா இதே வருமா?"

"ஒண்ணு அப்பனை மாதிரி வரும், ஒண்ணு அம்மா மாதிரி, ஒண்ணு ரெண்டுக்கும் ஆகாத மாதிரி. இதேதான் வேணும்னா அந்த ரெண்டு செடியையும் மறுபடி பக்கத்துல வைக்கணும்."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. நாத்தனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

நாத்தனார் கையில் ஈரத்துணியோடு வந்தாள்.

"அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல. நீ குடமிளகாய் போட்டிருக்கியா? ஊதா?"

"மூணு வருஷமாப் போடுறேன். அதைக் கேக்கவா இப்படி நாக்கு தொங்க ஓடி வந்தே?"

மடிப்பக்கா ஒரு காயை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் செடியாலதான் அவன் சாப்பிட்டான்னு சொல்லு."

"பாதி."

"சரி, பாதி. ஸ்க்ரூ டிரைவர் உன்கிட்ட இருக்கா, நான் எடுத்துட்டு வரட்டுமா?"

ஆறு திருகாணிகள். இரண்டு துருப்பிடித்துக் கழலவில்லை. தகரத்தை மடக்கியே பிய்த்தார்கள். மன்னிப்பை இருவருமே கேட்கவில்லை. ஒருத்திக்கும் அதற்குத் தெம்பில்லை.

செடிகள் சேர ஒரு பருவம், காய்க்க இன்னொன்று. அதுவரை மடிப்பக்கா மிச்சமிருந்த நான்கு காய்களைக் காயவைத்து, கஞ்சியில் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். மறு வருஷம் ஊன்றிய இருபதில் மூன்று ஊதாவாக வந்தன.

அவன் அதையும் சாப்பிட்டான். அதற்குப் பின் ஒன்றரை வருஷம் இருந்தான், இறந்தான். அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். நாத்தனார் இன்றும் அண்ணியின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே அங்கேதான் சாப்பிடுகிறாள். மடிப்பக்கா விரிப்பு மடிக்கிறாள். மிளகாய்க்கு யாரும் பெயர் வைக்கவில்லை.