மிளகாய் அடுப்பு கெட்டுப்போகும் வரை

"விளக்கு எரியுதேக்கா. அப்போ வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

"விளக்கு எரியும் கண்ணு. வெளிச்சத்துக்கா இதை வாங்கினேன்? மிளகா சுட வாங்கினேன்."

'வாடிக்கையாளர் சேவை' என்ற பெரிய எழுத்துகளுக்குக் கீழே நின்றிருந்த ஈவெலினா, அடுப்பின் ப்ளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, குடைமிளகாயை நிறுத்தி வைத்துச் சுடும் அந்தச் சின்ன மின் அடுப்பை மேடைமேல் ருமியானாவின் பக்கமாக நகர்த்தினாள். ருமியானா அதை ஒற்றை விரலால் திரும்ப அவள் பக்கமே நகர்த்தினாள்.

இந்தச் சண்டைக்காக அவள் வருவது அந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. முதல் தடவை ஈவெலினா ப்ளக்கைச் செருகினாள், சிவப்பு விளக்கு எரிந்தது, நல்லாத்தான் இருக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டாவது தடவை, வேண்டுமானால் தலைநகர் சோபியாவில் இருக்கும் பழுது பார்க்கும் இடத்துக்கு அனுப்பலாம், திரும்பி வர ஒரு மாதமாகும் என்றாள். ஒரு மாதத்தில் அவர்கள் ஊர் யாம்போலில் குளிரே தொடங்கிவிடும். ருமியானாவின் பால்கனியில் செய்தித்தாள் விரித்துக் கொட்டிய இரண்டு மூட்டை சிவப்புக் குடைமிளகாய் இப்போதே தோல் சுருங்கிக்கொண்டிருந்தது. நாளையோ மறுநாளோ சுட்டுத் தோலுரித்து, தக்காளியோடு கிண்டி ஜாடியில் அடைக்காவிட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

யாரிடமாவது இரவல் வாங்கலாமே என்று கணவன் குன்ச்சோ சொல்லிப் பார்த்தான். "ஊரே மிளகா சுடற செப்டம்பர்ல ஒருத்திகிட்ட புருஷனை இரவல் கேளு, தருவா. மிளகா அடுப்பைக் கேட்டுப் பாரு, கதவைச் சாத்துவா" என்றாள் ருமியானா. மேல் வீட்டு த்சோன்கா இதே கடையில் இதே அடுப்பைத்தான் வாங்கியிருந்தாள். அது காலையிலிருந்து சாயங்காலம்வரை கனன்றது. ருமியானாவுக்கு வாய்த்ததுதான் சண்டி. நன்றாகத்தான் தொடங்கும், கொஞ்ச நேரம் சுடும், பிறகு உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். விளக்கு மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி எரிந்துகொண்டிருக்கும், மிளகாய் சுடுபடாமலேயே கிடக்கும்.

"நான் என்னக்கா பண்றது? உடனே மாத்திக் கொடுக்கணும்னா பழுது எங்க கண் முன்னாடி வரணும். அதான் ரூல்."

"உங்க கண் முன்னாடி?"

"ஆமா."

"எவ்வளவு நேரத்துக்குள்ளன்னு ரூல்ல இருக்கா?"

ஈவெலினா யோசித்தாள். "அப்படி எதுவும் இல்ல."

"அப்ப சரி" என்று ருமியானா குனிந்து, காலடியில் வைத்திருந்த துணிப்பையைத் தூக்கி மேடைமேல் வைத்தாள். கழுவித் துடைத்து, காம்பு மின்ன, சிவப்பு மிளகாய்கள் பை நிறைய இருந்தன. "ப்ளக்கைச் செருகு."

ருமியானா வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரின் முதல் பயத்தையும் முதல் திமிரையும் பார்த்தவள். காத்திருப்பது அவளுக்குத் தொழில். சந்திப்பில் வண்டி நின்றுபோய்ப் பின்னால் அத்தனை பேரும் ஹாரன் அடிக்கும்போதும், "மெதுவா கிளட்ச்சை விடு, அவங்க எங்கேயும் போயிட மாட்டாங்க" என்று சொல்லக்கூடியவள்.

இப்போதும் பின்னால் ஹாரன்கள் தொடங்கின.

"இதென்ன கடையா, கல்யாண வீடா? டோக்கன் வாங்கிட்டு நிக்கிறோம்மா!"

"சமையலை வீட்ல முடிச்சிட்டு வரக் கூடாதா?"

"வீட்ல முடிஞ்சா இங்க ஏன் வர்றேன்?" என்றாள் ருமியானா திரும்பாமலேயே. அடுப்பின் வாய்க்குள் ஒரு மிளகாயை நிறுத்தி மூடியைப் போட்டாள்.

முதல் மிளகாயின் தோல் கருகி வெடித்தபோது, அந்த மணம் மேடையைத் தாண்டிப் போனது. சோப்புத்தூளும் ரப்பர்ச் செருப்பும் அட்டைப் பெட்டியும் மணக்கும் அந்தக் கூடத்தில், அது வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். தலைக்கு மேலே ஒலிபெருக்கி மட்டும், 'அன்பான வாடிக்கையாளர்களே, ஜாடி மூடிகளுக்கு இந்த வாரம் சிறப்புத் தள்ளுபடி' என்று கத்திக்கொண்டிருந்தது.

"தோலை உரிக்காம வெச்சிருக்கீங்களே, ஆறிடுமே" என்றார் வரிசையின் நடுவிலிருந்த ஒருவர். அகன்ற தோளும் நரைத்த மீசையுமாக இருந்தார். டோக்கனைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு முன்னால் வந்து, கேட்காமலேயே உரிக்கத் தொடங்கினார். விரல் சுட்டது, ஊதிக்கொண்டார். "என் பேர் கோஸ்தாதின். உப்பு இருக்கா?"

"உப்புக்கு எங்கண்ணே போறது?"

"இது கடைதானேம்மா!"

போய் ஒரு பாக்கெட் உப்போடு வந்தார். அவருக்குப் பின்னால் யாரோ தள்ளுவண்டியிலிருந்த ரொட்டியைப் பிரித்தார்கள். இன்னொருத்தி வெள்ளைப் பாலாடைக்கட்டி டப்பாவைத் திறந்தாள். "பில்லு போட்டுட்டு பிரிங்க! ஐயோ, பில்லு போட்டுட்டு!" என்று ஈவெலினா கெஞ்சினாள். அவள் கையிலும் ஒரு துண்டு ரொட்டி வந்து உட்கார்ந்திருந்தது.

"ஒரு மடக்கு ராக்கியா சாராயம் இல்லாம இதைத் தின்னா பாவம்" என்றார் கோஸ்தாதின் வாய் நிறைய. "எங்க வீட்டுப் பழைய அடுப்பு நேத்துதான் எரிஞ்சுபோச்சு. வெறுங்கையோட வந்தா வாசல்லயே படுத்துக்கோன்னு பொண்டாட்டி சொல்லித்தான் அனுப்பியிருக்கா."

அப்போதுதான் மேலாளர் லச்செசார் வந்தார். கழுத்துப்பட்டை தோள்மேல் பறக்க, நடையும் ஓட்டமுமாக.

"யாரு இது? அணைங்க! முதல்ல அதை அணைங்க!"

"அணைக்கிறேன் சார். மாத்திக் கொடுத்திடுங்க."

"நல்லாத்தானே சுடுது! இதுல என்ன பழுது?"

"வரும். உங்க கண் முன்னாடி வரணும்னு சொன்னாங்க, அதுக்குத்தான் நிக்கிறேன்."

லச்செசார் ஈவெலினாவைப் பார்த்தார். அவள் ரொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, "ரூல் அப்படித்தான் சார் இருக்கு" என்றாள்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"கெட்டுப்போற வரைக்கும்."

லச்செசார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு பெண் அவர் கையைத் தொட்டு, "சார், இந்த அடுப்பு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டாள். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "மூணாவது வரிசை மேடம், பெரிய அடுக்கா வெச்சிருக்கோம். பாருங்க, எப்படிச் சுடுதுன்னு நீங்களே பாருங்க!" அதன் பிறகு அணைக்கச் சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கடைக்குச் சம்பளமில்லாத விற்பனைக்காரி கிடைத்த மகிழ்ச்சியோடு பக்கத்தில் நின்றுகொண்டார். மூன்றாவது வரிசைக்குப் போனவர்கள் கக்கத்தில் பெட்டியோடு திரும்பினார்கள். ருமியானா தலை நிமிரவில்லை. அவள் காது முழுக்க அந்த 'டிக்'குக்காகக் காத்திருந்தது.

அது வரவில்லை.

வீட்டில் இத்தனை மிளகாய் சுடும் முன்பே செத்துப்போகும் அடுப்பு, இங்கே புது மருமகள் மாதிரி அடக்கமாக வேலை செய்தது. பை பாதியானது. ருமியானாவுக்குக் கன்னம் சுட்டது, அடுப்பின் சூட்டினால் மட்டுமல்ல. 'பொய்க்காரின்னு நினைப்பாங்களோ?' வீட்டு மின்சாரத்தில்தான் கோளாறோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பிறகு பால்கனியில் சுருங்கிக்கிடப்பவை நினைவுக்கு வந்தன. மேடையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு அடுத்த மிளகாயை எடுத்தாள்.

"மேடம், ஒத்துக்கோங்க. நாங்க கொடுத்தது நல்ல அடுப்பு" என்றார் லச்செசார்.

"பை இன்னும் காலியாகல சார்."

"காலியானா?"

"பால்கனியில இன்னும் ரெண்டு மூட்டை இருக்கு. புருஷனுக்குப் போன் பண்ணினா கொண்டாந்து இறக்கிடுவாரு."

கூட்டம் சிரித்தது. லச்செசாரும் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அது கேட்டது.

டிக்.

ருமியானா கையை உயர்த்தினாள். எல்லோரும் அடங்கினார்கள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவள் புதிதாக ஒரு மிளகாயை உள்ளே நிறுத்தி, மூடியைப் போட்டு, "இப்ப நீங்களே எடுங்க சார்" என்றாள். காத்திருந்தார்கள். லச்செசார் மூடியைத் திறந்து மிளகாயை எடுத்தார். அதன் தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. குலுக்கினார். ப்ளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினார். அடுப்பின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார்.

"விளக்கு எரியுதே" என்றார் கடைசியில், ஈனக் குரலில்.

"எரியுது சார். நானும் அதைத்தான் ஒரு வாரமா சொல்லிட்டிருக்கேன்."

யாரோ கை தட்டினார்கள். லச்செசார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "புதுசு ஒண்ணு எடுத்திட்டு வந்து கொடும்மா" என்றார். ஈவெலினா ஓடினாள். ருமியானா பையை மடித்தாள். விரல்களின் கரியைத் துடைத்தாள். இன்றைக்கு இரவே தொடங்கிவிடலாம். குன்ச்சோவை உரிக்க உட்கார வைத்துவிட்டால், நாளை மத்தியானத்துக்குள் முதல் மூட்டை முடிந்துவிடும்.

ஈவெலினா வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"அக்கா... அடுக்கு காலி. கிடங்குலயும் பார்த்துட்டேன். எல்லாம் இப்பதான் போயிருக்கு." குரல் இறங்கியது. "உங்க மிளகாயைத் தின்னவங்கதான் எடுத்திட்டுப் போயிட்டாங்க. அடுத்த சரக்கு அடுத்த வருஷம்தானாம்."

"பணத்தைத் திருப்பித் தந்துடறோம் மேடம். இப்பவே, முழுசா" என்றார் லச்செசார் அவசரமாக.

"பணத்துல மிளகா சுட முடியுமா சார்?"

அவள் கண்கள் அதற்குள் பணம் கட்டும் இடத்துக்குப் போயிருந்தன. அங்கே நகரும் பட்டையின் மேல், உப்புப் பாக்கெட்டுக்குப் பின்னால், ஓர் அடுப்புப் பெட்டி மெதுவாக முன்னேறிக்கொண்டிருந்தது. அதன் மேல் கோஸ்தாதினின் அகன்ற கை.

ருமியானா பையையும் செத்த அடுப்பையும் அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். தள்ளுவண்டிகளை விலக்கிக்கொண்டு, யாருக்கும் மன்னிப்புச் சொல்லாமல். பெட்டி பில் போடும் பெண்ணின் கைக்கு எட்டும் முன், அதன் மேல் தன் கையையும் வைத்தாள். கோஸ்தாதின் திரும்பினார். மீசையில் இன்னும் மிளகாய்த் தோலின் கரி ஒட்டியிருந்தது.

"அண்ணே, வீட்ல உங்களுக்கு என்ன காத்திருக்குன்னு தெரிஞ்சுதான் கேக்கிறேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "என் மிளகா ரெண்டு நாளைக்கு மேல தாங்காது. இதை எனக்கு விட்டுக் கொடுப்பீங்களா?"