பெயர்நாளில் பூட்டிய வீடு

என் கணவர் சொத்தீரிஸின் பெயர்நாள், அதாவது அந்தப் பெயருள்ள எல்லாருக்கும் தேவாலயம் குறித்து வைத்த திருநாள், ஆகஸ்ட் ஆறாம் தேதி. எங்கள் ஊர் லாரிசாவில் அந்தப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. ஆனாலும் அன்றைக்கு எல்லாருக்கும் ஞாபகம் வருவது எங்கள் வீடு மட்டும்தான். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள், வந்தவர்களுக்கெல்லாம் விருந்து வைப்பது பெயர்நாள்காரரின் கடமை. கடமை அவருடையது, கால்வலி என்னுடையது. அவர் வாசலில் நின்று இரண்டு கன்னத்திலும் முத்தம் வாங்கிக்கொள்வார். நான் அடுப்புக்கும் கூடத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் அன்றைக்கு நான் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது.

இந்த வருடம் எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்த ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் சித்தோனியா கடற்கரையில் அந்தப் பெரிய ரிசார்ட்டில் அறை போட்டேன். நடுவில் அரளி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் குடும்பங்கள், இந்தப் பக்கம் ஜோடிகளுக்கு மட்டும். இந்தப் பக்கம் குழந்தை கூடாது, கூச்சல் கூடாது. எங்கே போகிறோம் என்று ஒரு ஈ காக்காய்க்கும் சொல்வதில்லை என்று சொத்தீரிஸ் என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார்.

பூட்டிய கதவில் முட்டி மோதிக்கொள்ள வேண்டாமே என்று கிளம்பும்போது ஒரு தாளில் அழகாக எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்: 'ஆறாம் தேதி எங்கள் வீட்டில் யாரையும் வரவேற்பதாக இல்லை.' நான் பெரிய புத்திசாலி என்று நினைப்பு. எங்கள் ஊரில் ஒரு வீடு பெயர்நாளன்று கதவைச் சாத்தினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வீட்டில் சாவு.

போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்காரர் போன் செய்து, அடக்கம் எப்போது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் வயதில் மூத்தவர் என் மாமியார் எவ்லம்பியா, எழுபத்தெட்டு. ஊர் அவரைத்தான் சாகடித்திருந்தது. மறுநாள் காலை அவர் வீட்டுக்கு வெள்ளைப் பூக்கூடை போயிருக்கிறது. கதவைத் திறந்து அதை வாங்கிக்கொண்டது செத்துப்போனவரேதான்.

அடுத்த நிமிடம் எங்களுக்குப் போன் வந்தது.

"நான் செத்துட்டேன்னு ஊரே அழுதுட்டிருக்கு. நீ எங்கடா இருக்க?"

சொத்தீரிஸ் என்னைப் பார்த்தார். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவர் கடற்கரையின் பெயர், வரும் வழி, எந்த பெட்ரோல் பங்கில் திரும்ப வேண்டும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, அம்மா கேட்டாங்களே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாம் தேதி காலை பதினோரு மணிக்கு மூன்று கார்களில் பதினேழு பேர் வந்து இறங்கினார்கள். வாசலில் காவலுக்கு இருந்த ஸீஸிஸ் தடுத்துப் பார்த்தான். அவர்கள் பைன் மரங்களுக்கு இடையே சுற்றிக்கொண்டு நேராக மணலுக்கு வந்துவிட்டார்கள். கடற்கரை எல்லாருக்கும் பொது என்பது சட்டம், ரிசார்ட் முதலாளியே வந்தாலும் வாயைத் திறக்க முடியாது. எங்கள் சாய்வுக் கட்டில்களுக்கு எதிரே, தண்ணீர் ஓரமாகக் குடைகள் முளைத்தன, மடக்கு மேசை விரிந்தது. மாதா விரதக் காலத்தில் அன்று ஒரு நாள்தான் மீன் உண்டு. தட்டுத் தட்டாகப் பொரித்த கருவாடு, கூடவே ஒரு வாளி நிறையப் பூண்டு மசியல். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு கிடந்த ஜோடிகள் ஒவ்வொன்றாக மூக்கைத் தூக்கிப் பார்த்தன.

மாமியார் சிவப்பு கவுன் போட்டிருந்தார். உயிரோடு இருப்பது தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று.

"ஸ்தமாதியா, அங்க என்னடி படுத்துக் கிடக்க? வந்து தட்டை எடுத்து வை. புள்ளைங்க பசியோட இருக்கு."

என் கால்கள் என்னைக் கேட்காமலே தரையில் இறங்கின. அந்தக் கால்கள்மீது எனக்கு வந்த கோபம் மாமியார்மீதுகூட வரவில்லை. இரண்டையும் தூக்கித் திரும்பக் கட்டிலில் வைத்தேன்.

"அத்தை, நான் இங்க விருந்தாளி. யாருக்குப் பேர்நாளோ அவரே பரிமாறட்டும்."

பதினேழு தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. சொத்தீரிஸ் என் பக்கம் குனிந்து, எல்லாரும் பார்க்கிறார்கள், விளையாடாதே என்றார்.

"வாக்குக் குடுத்தது எனக்கு. வழி சொன்னது உங்கம்மாவுக்கு. போங்க, போய்ப் பரிமாறுங்க."

போனார். ரிசார்ட் மதுக்கூடத்தில் ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கு இரண்டு கிளாஸ் ஊசோ மதுதான் கொடுப்பார்கள். அங்கே பதினேழு தொண்டைகள். மணல் கொதித்தது, பெயர்நாள்காரர் செருப்பை அறையில் விட்டுவிட்டார். ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அவர் போவதும், ஐஸ் இல்லை என்று அவர் சித்தப்பா திருப்பி அனுப்புவதும், எலுமிச்சம்பழம் எங்கே என்று அவர் தங்கை கேட்பதும் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். உள்ளுக்குள் பயமும் இல்லாமலில்லை. கிழவி கோபித்துக்கொண்டு கூட்டத்தோடு எழுந்து போய்விட்டால், இந்தக் குளிர்காலம் முழுக்க லாரிசாவின் வாயில் நான்தான் அவல்.

அப்போது மாமியார் எழுந்தார். மணலில் கால் புதையப் புதைய நேராக என்னை நோக்கி வந்தார். சரி, இன்றைக்கு நாம் தொலைந்தோம் என்று எழுந்து உட்கார்ந்தேன். அவர் சொத்தீரிஸின் காலிக் கட்டிலை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு மெதுவாகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"உன் மாமனார் பேர்நாளுக்கும் ஊரே வரும். நாப்பது வருஷம். ஒரு தடவையாவது உக்காருவோம்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

இத்தனை வருடம் இந்த அம்மாள்தான் என்னை ஓட விடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரையும் யாரும் உட்காரச் சொன்னதில்லை. குடையை அவர் பக்கம் சாய்த்து வைத்தேன்.

சொத்தீரிஸ் மூச்சு வாங்க ஓடி வந்து, மசியலுக்குக் கரண்டி எங்கேம்மா என்று கேட்டார். தேடு, கண்ணு இருக்கில்ல என்று சொல்லிவிட்டு மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். மகன் கரண்டியைத் தேடத் திரும்பிப் போனார்.

அடுத்து ஸீஸிஸ் வந்தான். பாவம், அவனை மேலாளர் அனுப்பியிருக்கிறார். மணலில் இருப்பவர்களை ஒன்றும் சொல்ல முடியாது, கட்டில் ரிசார்ட்டுடையது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பக்கம் ஜோடிங்களுக்கு மட்டும்தான். இவங்க..."

நான் என் மாமியாரின் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். இருபத்தோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"ஜோடிதான் தம்பி. இருபத்தோரு வருஷமா தினம் சண்டை. வேற என்ன அத்தாட்சி வேணும்?"

அவன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மாமியார் கண்ணைத் திறக்காமல், கையையும் இழுத்துக்கொள்ளாமல் அவனிடம் சொன்னார்.

"அந்தா ஒத்தக் கால்ல நொண்டிட்டுப் போறான் பாரு, அவன்கிட்ட சொல்லு. எங்களுக்கு ரெண்டு ஊசோ. ஐஸ் தனியா."