இரண்டு விசில்

கண்டக்டருடைய பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

வேனின் முன்கண்ணாடி வழியே டீக்கடை தெரிந்தது. கண்டக்டரும், ஸ்பானர் என்று பேர் வாங்கிய மெக்கானிக்கும், கிளாஸும் கையுமாக, தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். டீக்கு மூன்று நிமிடம். கண்டக்டர் வாய் கொப்பளிக்க இன்னொரு நிமிடம். அதற்குள் பையைக் குடைந்து முடித்தாக வேண்டும்.

ஜிப் வழிவிட்டது. மாத்திரை டப்பா, மடித்த துண்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழுப்பு நிறக் கவர். மேலே பெயர் இல்லை, ஒரு நம்பர்தான் இருந்தது. 4417. முப்பது வருஷம் டிரைவரின் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜ் நம்பர்.

நினைத்தது சரியாகப் போயிற்று. கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல ஸ்டியரிங்கின் முன் வந்து உட்கார்ந்தார்.

ஸ்பானர் போன் பண்ணி, மூணு பேருமா நாலு நாள் சும்மா ஊர் சுத்தலாம் அண்ணே என்று கூப்பிட்டபோதே வர மறுத்தவர்தான். டிப்போ மெக்கானிக்காக இருந்த நாளிலிருந்து பின் பாக்கெட்டில் ஸ்பானர் இல்லாமல் அவன் நடந்ததே இல்லை, பேரே அதுவாகிவிட்டது. காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு வேனை வாங்கி, ஆறு மாசம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து உயிர் கொடுத்திருந்தான். அவனுக்காகத்தான் வந்தார். கண்டக்டரும் வருகிறார் என்று வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

ஒரு காலத்தில் கண்டக்டரும் அவரும் மாப்ளே மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அது 'கண்டக்டர் சார்' ஆயிற்று.

அன்றைக்குப் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. ஸ்டாப்பில் நின்றார், இரண்டு விசில் கேட்டது, கியர் போட்டார். பின்படியில் ஓர் அம்மா இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. விசாரணையில் கண்டக்டர், நான் விசிலே ஊதவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். டூட்டி முடிந்து அதே பஸ்ஸில் பின்பக்கம் நின்று வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்பானர் மட்டும் எனக்கும் விசில் கேட்டது என்றான். சிநேகிதனுக்கு இதுகூடச் சொல்லாவிட்டால் எப்படி என்று அதிகாரி சிரித்தார். டிரைவரை ஆறு மாசம் சஸ்பெண்ட் பண்ணி வீட்டில் இருத்தினார்கள். திரும்பிப் போனபோது கிடைத்தது, கழுவ வரும் பஸ்களை டிப்போவுக்குள் முன்னும் பின்னும் நகர்த்தும் வேலை. ஓய்வு பெறும் வரை அதுதான்.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் வயது ஏற ஏற வேறொன்று அவரை அரித்தது. ஒருவேளை விசிலே கேட்கவில்லையோ? அவசரத்தில் அவராகவே எடுத்துவிட்டாரோ? அந்த அம்மாவைத் தள்ளியது தன் கால்தானா, இல்லையா? இது தெரியாமல் கண்ணை மூட அவருக்கு மனமில்லை.

வேன் நாற்பதில் உருண்டது. கண்டக்டர் பழக்கதோஷத்தில் கடைசி சீட்டில். இரண்டு நாளாகவே அவர் போக்கு சரியில்லை. போனில் பேசுவார், டிரைவர் கிட்டே வந்தால் கட் பண்ணுவார். நேற்று சாப்பிடும்போது, உங்க பேட்ஜ் நம்பர் என்ன, நாலு நாலா, நாலு ஏழா என்று சும்மா கேட்பது போலக் கேட்டார். ஸ்பானரிடம் ஓயாமல் ஏதோ ஓதுகிறார். அவனும் இரண்டு நாளாக வாயே திறப்பதில்லை. பாவம், இருக்கிற ஒரே சாட்சியையும் கலைக்கப் பார்க்கிறாரா?

பெட்ரோல் பங்க்கில் வண்டியை விட்டுவிட்டு டாய்லெட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். கவரைக் கிழித்தார். கண்டக்டரின் பொடி எழுத்து.

'அன்று இரண்டு விசில் ஊதப்பட்டது உண்மை. நான் ஊதவில்லை என்பதும் உண்மை. டிரைவர் மீது தவறு இல்லை. ஊதியவர் இதன் கீழே கையெழுத்துப் போடுவார். அதற்கு நான் சாட்சி.'

கண்டக்டரின் கையெழுத்து, போன மாதத் தேதி. அதற்குக் கீழே காலி இடம்.

கேட்டிருக்கிறது. காது பொய் சொல்லவில்லை. அடுத்த நிமிடமே சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. இத்தனை வருஷம் கழித்து யார் தலையில் கட்ட இந்த ஏற்பாடு?

திரும்பி வந்தவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை. கடிதத்தை ஸ்டியரிங் மேல் விரித்தார். பக்கத்து சீட்டில் ஸ்பானர் அதைப் பார்த்ததும் சட்டென்று வெளியே திரும்பிக்கொண்டான்.

"கண்டக்டர் சார், யாரு ஊதினது?"

பையைக் குடைந்ததற்குக் கண்டக்டர் கோபப்படவில்லை. பெருமூச்சுதான் விட்டார்.

"என்கிட்ட கேக்காதீங்க. கூட்டத்துல நடுவுல மாட்டிக்கிட்டு நின்னவன் நான். எனக்கே போன மாசம் அவன் வந்து சொல்லித்தான் தெரியும். நீயே போய்ச் சொல்லு, எழுத்துல குடு, நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்னேன். ரெண்டு நாளா ஒவ்வொரு டீக்கடையிலயும் தள்ளிவிடறேன். டீயக் குடிச்சிட்டு அப்படியே வந்து ஏறிக்கிறான்."

வேனில் இருந்ததே மூன்று பேர். டிரைவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். சஸ்பெண்ட் ஆன ஆறு மாசமும் ஒருநாள் தவறாமல் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் காதோரம் வேர்த்து வழிந்தது.

"வேலை நிரந்தரமாகிற ஆர்டர் அந்த மாசம்தான் வர இருந்துச்சு அண்ணே. டூட்டியில இல்லாதவன் சிக்னல் குடுத்தான்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." ஸ்பானர் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். "லேட்டாகுது, இவரால கதவுகிட்ட வர முடியல. கூட்டம் மறைச்சதுல அந்தம்மா தெரியல, எல்லாரும் இறங்கியாச்சுன்னு நினைச்சேன். கேட்டுச்சுன்னு சாட்சி சொன்னேனே... அந்த ரெண்டு விசிலும் நான் வாயில விரல வச்சு ஊதினது."