பெயர் எழுதக் கூடாத கடிதம்

அழுகிற வீட்டில் காளியம்மாள் மகளுக்கு ரெட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கணவர் ரெத்தினம். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்த பெண்கள், ரிப்பனை இறுக்கி முடிந்த அவள் கையையே பார்த்தார்கள். நல்லா பார்க்கட்டும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"பத்தாவது பரீட்சைய அப்புறமா எழுதிக்கக் கூடாதாம்மா?" என்றார் ரெத்தினத்தின் அண்ணன் அண்ணாதுரை. "வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துடணும்."

"இன்னைக்கு இங்கிலீசு மாமா. இதுக்காகத்தான் அவரு வருசம் பூரா இவளோட உக்காந்தாரு. இவ எழுதிட்டு வர்ற வரைக்கும் எடுக்க வுடமாட்டேன்."

பூவிழி யார் முகத்தையும் பார்க்காமல் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு பெரியப்பாவின் பைக்கில் ஏறினாள்.

ரெத்தினம் அந்தக் காலத்தில் பத்தாவதில் இங்கிலீசில் கோட்டை விட்டவர். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருவார். உடம்பெல்லாம் சுணை அரிக்கும். குளிக்கக்கூட மாட்டார், கைடைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வார்த்தையை அவர் படிக்க, அர்த்தத்தை மகள் சொல்ல வேண்டும். அவர் படிக்கிற லட்சணத்துக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கடிதக் கேள்வி வந்தால் மட்டும் அவர்தான் வாத்தியார்.

"சொந்தப் பேரு, ஊரு எதையும் எழுதிடாதம்மா. எக்ஸ், ஒய்னுதான் போடணும். யாருன்னு தெரிஞ்சா பேப்பரே செல்லாதுன்னுடுவாங்க."

பரீட்சை முடிந்து வந்தால் கேள்வித்தாளை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்பார். மகள் சொல்வது சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்றுவிடாமல் கேட்பார்.

பூவிழி திரும்பி வந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். பறையடிக்க வந்தவர்கள் வேப்பமர நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் ஐஸ் பெட்டியை ஒட்டி உட்கார்ந்தாள். கேள்வித்தாளைப் பிரித்தாள்.

"ஒரு மார்க் எல்லாம் எழுதிட்டேம்ப்பா. நாம படிச்ச வார்த்தைதான். கிராமர்ல ஒண்ணு மட்டும் சந்தேகம்."

கூடத்தில் அழுகை நின்றுபோனது. அண்ணாதுரை வந்து குனிந்தார்.

"எந்திரிம்மா, நேரமாவுது."

"இருங்க மாமா," என்றாள் காளியம்மாள். "இன்னும் முடியல."

பூவிழி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"லெட்டரு... வெளியூர்ல இருக்குற அப்பாவுக்கு எழுதச் சொல்லியிருந்தாங்க. எழுதிட்டேன். அட்ரஸ்தான்..."

அவள் கேள்வித்தாளை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"எக்ஸ் போடலப்பா. ஒம்பேர எழுதிட்டேன். நம்ம தெரு, ஊரு எல்லாம். அடிச்சிட்டு மாத்த நேரம் இருந்துச்சு. ஒம்பேர அடிக்க மனசு வரல."

பேப்பர் செல்லாது என்று ஆகிவிட்டால் ஒரு வருட உழைப்பும் வீண். அவர் என்ன சொல்வார் என்று காளியம்மாள் பழக்கத்தில் பெட்டிப் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் முகம் தெரியாத அளவுக்கு ஈரம் படிந்திருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த கேள்வியச் சொல்லு," என்றாள்.